பழைய மேசை ரம்பம் வாங்கலாமா? பார்க்கப் போகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட் பக்கம் பழைய மேசை ரம்பங்கள் அவ்வப்போது விலைக்கு வரும். ஏதாவது ஒரு தோட்டத்துப் பட்டறையை மூடுவார்கள். பர்னிச்சர் கடை வைத்திருந்த தவுக்கேக்கு வயதாகி, பிள்ளைகள் கோலாலம்பூரிலேயே தங்கிவிட, கடைக்குப் பின்னால் இருந்த இயந்திரமெல்லாம் விலைக்கு வரும். இல்லாவிட்டால் ஈப்போவில் யாரோ ஆசைப்பட்டு வாங்கிப் பத்து முறைகூட ஓட்டாத சின்ன ரம்பம் முகநூலில் வரும். புதிதின் பாதி விலைக்கு நல்ல இயந்திரம் கிடைப்பதும் உண்டு, பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது பெயிண்ட் பூசிக்கொண்டு வந்து நிற்பதும் உண்டு.

என் அப்பா தோட்டத்துத் தச்சர். லயத்து வீடுகளின் கதவையும் ஜன்னலையும் கடைசிவரை கைரம்பத்தில்தான் அறுத்தார். நான் தாமான் வீடுகளுக்கு அலமாரியும் சாமி மேடையும் செய்கிறேன். இதுவரை நான்கு பழைய ரம்பம் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று என்னை நன்றாக அழ வைத்தது. பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பிளேடைச் சாய்க்கச் சக்கரத்தைச் சுற்றினேன், உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். பிளேடைத் தாங்கும் வார்ப்பிரும்பில் பழைய விரிசல். அதன்மேல் புட்டி, புட்டியின்மேல் பெயிண்ட். அந்த வார்ப்புக்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட கணக்கு இதுதான். துரு, பெல்ட், பேரிங், சுவிட்ச், வயர் எல்லாம் மாற்றக்கூடியவை. அந்தக் குறைகள் விலையைக் குறைக்கத்தான் உதவும். விரிசல் விட்ட வார்ப்பு, வளைந்த தண்டு (பிளேடு மாட்டிச் சுற்றும் அச்சு), முறுக்கிப்போன மேசை ஆகிய மூன்றும் வேறு. இவற்றில் ஒன்று இருந்து, அதற்கு உதிரிப் பாகமும் கிடைக்காது என்றால் இலவசமாகக் கொடுத்தால்கூட ஏற்ற வேண்டாம். கீழே சொல்லும் சோதனை எல்லாமே ஒரு குறை இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்கத்தான்.

முதலில் உங்கள் வீட்டு மின்சாரத்தைப் பாருங்கள்

இயந்திரத்தைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸ், 50 ஹெர்ட்ஸ். சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் வரை தாங்கும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதனால் 2 குதிரைத்திறன் மோட்டார் வரை வீட்டு பிளக்கில் சமாளிக்கலாம். 3 என்றால் வயர்மேனைக் கூப்பிட்டுத் தனி வயர், தனி பிரேக்கர் போட வேண்டும். அந்தச் செலவையும் இயந்திரத்தின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறை ரம்பங்கள் பல த்ரீ ஃபேஸ் மோட்டாரில் ஓடுபவை. அதனாலேயே விலை குறைவாக இருக்கும். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 220/380 அல்லது 240/415 என்று இரண்டு எண்கள் இருந்தால், சிங்கிள் ஃபேஸிலிருந்து ஓட்டும் இன்வெர்ட்டர் ஒன்றைப் பொருத்தி, மோட்டாரின் வயர் இணைப்பைக் குறைந்த வோல்ட்டுக்கான டெல்டா முறைக்கு மாற்றி ஓட்டலாம். 415 மட்டும் இருந்தால் சாதாரண இன்வெர்ட்டர் உதவாது, மோட்டாரையே மாற்ற வேண்டிவரும். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்திலும் கவனம் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், சூடும் அதிகமாகும்.

விளம்பரத்தில் எழுதியிருக்கும் குதிரைத்திறனை நம்ப வேண்டாம். பெயர்த்தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள வாட், ஆம்பியர்தான் கணக்கு.

எந்த வகை?

தூக்கிக்கொண்டு போகும் சின்ன ரம்பத்தில் பிளேடு நேராகவோ பல்சக்கரம் வழியாகவோ மோட்டாரோடு சேர்ந்திருக்கும். சத்தம் அதிகம், உள்ளே கார்பன் பிரஷ் இருக்கும். மாக்கித்தா, போஷ், டிவால்ட் போன்றவற்றுக்கு ஈப்போவில் உதிரிப் பாகம் கிடைக்கும். பெயர் தெரியாத பிராண்டுக்குக் கிடைக்காது. அதனால் சின்ன ரம்பத்தில் பிராண்டு முக்கியம்.

பெல்ட்டில் ஓடும் வார்ப்பிரும்பு மேசை ரம்பம் அடுத்தது. மோட்டார் பின்னால் தொங்கும், அல்லது பெட்டிக்குள் இருக்கும். பழையதாக வாங்குவதற்கு என் முதல் தேர்வு இதுதான். முப்பது வருடம் ஆனாலும் பேரிங்கும் பெல்ட்டும் மாற்றினால் புதிதுபோல் ஓடும்.

மூன்றாவது, உள்ளூர் வெல்டிங் கடையில் ஆங்கிள் இரும்பு, தண்டு, இரண்டு பில்லோ பிளாக் பேரிங் (போல்ட் போட்டு உட்கார வைக்கும் கூட்டோடு வரும் பேரிங்) வைத்துச் செய்தது. பலகை பிளக்க அது போதும். அலமாரி செய்ய நினைத்தால் அதை வாங்க வேண்டாம். எவ்வளவு சரிசெய்தாலும் அளவு நிற்காது.

போனில் கேட்க வேண்டியவை

எதற்காக விற்கிறீர்கள், கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், நான் வரும்போது மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்ட முடியுமா, ஃபென்ஸ் (பலகையை ஒட்டித் தள்ளும் நேர்த்தடுப்பு), கார்டு (பிளேடை மூடும் காப்பு), மைட்டர் (மேசைப் பள்ளத்தில் ஓடி, பலகையைக் குறுக்கே வெட்டப் பிடிக்கும் சட்டம்) எல்லாம் கூடவே இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: “அண்ணே, நான் வருவதற்கு முன்னால் ஓட்டி வைக்காதீங்க.” குளிர்ந்த மோட்டார் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உண்மையைச் சொல்லும். முன்பே ஓடிச் சூடான மோட்டார் தன் குறையை மறைத்துவிடும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை

டார்ச் லைட், மூலைமட்டம், நேரான இரும்புச் சட்டம், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், 20 சென் நாணயம், ஸ்க்ரூ ஒன்று முறுக்கிய சின்னக் கட்டை, கிளாம்ப். ஃபீலர் கேஜுக்குத் தேடி அலைய வேண்டாம். மோட்டார் சைக்கிள் கடையில் வால்வு இடைவெளி பார்க்கும் அந்தத் தகட்டுக் கொத்துதான், ஒரு மணி நேரத்துக்குக் கேட்டால் கொடுப்பார்கள். வெட்டிப் பார்க்க ரப்பர் மரப் பலகை ஒன்றும் கெம்பாஸ் மாதிரி கெட்டி மரத்துண்டு ஒன்றும் வேண்டும். இரண்டிலும் ஆணி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தடித்த எக்ஸ்டென்ஷன் வயரும் எடுத்துக்கொள்ளுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டர் நல்லது. மெல்லிய நீள வயரில் வோல்ட் இறங்கி நல்ல மோட்டாரும் திணறும், தவறாக முடிவு எடுத்துவிடுவோம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்

முதலில் மேசை. வார்ப்பிரும்பில் மேலாகப் படிந்த செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் எண்ணெய் போடாமல் வைத்த இரும்பு ஒரே மாதத்தில் சிவந்துவிடும். மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போதும். சின்னக் குழிகள்கூட வேலையைக் கெடுக்காது. நேர்ச்சட்டத்தை நீளவாக்கில், குறுக்கில், இரண்டு மூலைவிட்டத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரியும் இடத்தில் ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.25 மில்லிமீட்டர் வரை எனக்குச் சம்மதம். 0.4 தாண்டினால் அலமாரி வேலைக்கு வேண்டாம். ஒரு மூலைவிட்டத்தில் நடுவில் மேடு, மற்றதில் பள்ளம் என்றால் மேசை முறுக்கியிருக்கிறது. பக்க இறக்கைகள் இறங்கியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி ஏற்றிக்கொள்ளலாம், அது குறையல்ல. நடு மேசைதான் கணக்கு.

மைட்டர் பள்ளத்தையும் அளந்து பாருங்கள். 19 மில்லிமீட்டர் அகலம் என்றால் கடையில் விற்கும் துணைக் கருவிகள் பொருந்தும். சின்ன ரம்பங்கள் சிலவற்றில் வேறு அளவு இருக்கும்.

தண்டு: இங்கே அவசரப்பட வேண்டாம்

பிளேடைக் கழற்றுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கழற்ற விடாதவரிடம் நான் வாங்கியதே இல்லை.

தண்டைக் கையால் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அது மட்டும் என்றால் கவலை இல்லை. பேரிங்கின் முகத்திலேயே எண் அடித்திருக்கும், 6203, 6204 மாதிரி. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து, புதிய பேரிங்கும் தளர்வாக நிற்கும் நிலை என்றால் லேத் பட்டறை வேலை, செலவு ஏறும். மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் கையில் தெரிந்தால் பேரிங் மாற்ற வேண்டும். நட்டு ஏறும் மறை நசுங்கியிருக்கிறதா, நட்டு கையாலேயே கடைசிவரை ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இனி வளைவு. பிளேடு சாய்ந்து நிற்கும் வட்டத் தகட்டைத் துணியால் துடையுங்கள். ஸ்க்ரூ முறுக்கிய கட்டையை மேசைமேல் கிளாம்ப் செய்து, ஸ்க்ரூ முனை அந்தத் தகட்டின் முகத்தை விளிம்போரமாக மெல்லத் தொடும்படி வையுங்கள். தண்டைக் கையால் சுற்றுங்கள். ஒரு பக்கம் உரசி, மறுபக்கம் விலகினால் அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளவிடுங்கள். மிக மெல்லிய தகடான 0.05 நுழையவில்லை என்றால் நல்ல தண்டு. தகட்டின் விட்டம் இரண்டரை அங்குலம், பிளேடோ பத்து அங்குலம். இங்கே 0.05 என்பது பல்லின் முனையில் 0.2 மில்லிமீட்டர் ஆட்டமாகிவிடும். வெட்டிய பலகையின் ஓரத்தில் கோடு கோடாகத் தெரிவது அதுதான். 0.1 நுழைந்தால், தகட்டில் அழுக்கோ பிசிறோ ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி துடைத்துப் பாருங்கள். அப்படியும் குறையவில்லையா? தண்டு வளைந்திருக்கிறது. உதிரித் தண்டு கிடைக்கும் பிராண்டாக இல்லாவிட்டால் நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

தண்டின் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 5/8 அங்குலம், 25.4, 30 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் உண்டு. வழக்கமான அளவு இல்லையென்றால் பிளேடு வாங்கும் ஒவ்வொரு முறையும் தேடல்தான்.

உள்ளே குனிந்து பாருங்கள்

என்னை ஏமாற்றிய இடம் இது. டார்ச்சோடு தரையில் உட்கார்ந்து, மேசைக்கு அடியில் பிளேடையும் மோட்டாரையும் தாங்கிச் சாய்க்கும் வளைந்த வார்ப்புகளை ஒரு விரல்கூட விடாமல் தடவுங்கள். ட்ரனியன் என்பது இதைத்தான். மரத்தூளை பிரஷால் தள்ளிவிட்டுப் பாருங்கள். வெளியில் பழைய பெயிண்ட், உள்ளே ஒரே இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் நகத்தால் சுரண்டுங்கள். புட்டி வந்தால் எழுந்துவிடுங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் போட்ட தடமும் அப்படித்தான். லோரியில் ஏற்றும்போது கீழே விழுந்த இயந்திரம் இங்கேதான் விரிசல் விடும்.

ஏற்றும் சக்கரத்தைக் கடைசிவரை ஏற்றி இறக்குங்கள், சாய்க்கும் சக்கரத்தை 45 பாகை வரை கொண்டுபோய்த் திருப்புங்கள். கனமாக இருந்தால் பெரும்பாலும் மரத்தூளும் பிசினும் கட்டியிருக்கும். கெருயிங் மரம் அறுத்த இயந்திரத்தில் பிசின் தார்போல இறுகியிருக்கும், கழுவினால் போகும். பல் உடைந்து ஓரிடத்தில் வழுக்கினால்தான் பிரச்சினை.

பிளேடை மீண்டும் மாட்டி, ஒரு பல்லில் பேனாவால் குறி போடுங்கள். ஸ்க்ரூ கட்டையை மைட்டரில் கட்டி, குறி போட்ட பல்லை முன்னால் வைத்துத் தொடுங்கள். பிறகு பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து, மைட்டரையும் பின்னால் தள்ளித் தொடுங்கள். 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதிகமாக இருந்தாலும் பல ரம்பங்களில் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். ஆகவே இது விலை பேசும் குறை.

ஃபென்ஸ்

பத்து இடத்தில் நிறுத்திப் பூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மைட்டர் பள்ளத்துக்கு இணையாக நிற்க வேண்டும். பூட்டிய பிறகு பின்முனையைக் கையால் தள்ளினால் நகரக்கூடாது. மெலிந்த ஃபென்ஸ் நாள் முழுக்க வேலையைக் கெடுக்கும். நல்ல இயந்திரத்தில் ஃபென்ஸ் மட்டும் மோசம் என்றால் வாங்கலாம், சதுரக் குழாயில் நல்லதொரு ஃபென்ஸை வெல்டரிடம் செய்துகொள்ளலாம். அதற்கான பணத்தை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கார்டும் ரைவிங் கத்தியும்

பிளேடுக்குப் பின்னால் நின்று, வெட்டிய பிளவு மூடிக்கொள்ளாமல் பிடிக்கும் தகடுதான் ரைவிங் கத்தி. பழைய இயந்திரம் பத்தில் எட்டில் அது கழற்றித் தொலைக்கப்பட்டிருக்கும். பத்து அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். பிளவு மூடி, பின்பக்கப் பல் பலகையைக் கவ்வினால் பலகை அந்த வேகத்தில் நம் வயிற்றை நோக்கி வரும், கை பிளேடுக்கு இழுபடும். நம் ரப்பர் மரத்தில் இந்த ஆபத்து கூடுதல். அந்த மரத்துக்குள் இழுவிசை நிறைய அடங்கியிருக்கும், நீளவாக்கில் பிளக்கும்போதே பலகை வளைந்து பிளேடைப் பிடிக்கும்.

எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு விரல் இல்லை. இரண்டு பேருமே வேலை தெரியாதவர்கள் அல்ல. அதனால் கத்தி மாட்டும் இடமே இல்லாத ரம்பத்தை, அது எவ்வளவு மலிவானாலும், புதிதாகப் பழகும் தம்பிகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். இடம் இருந்து கத்தி மட்டும் காணோம் என்றால் செய்துகொள்ளலாம். அது பிளேடின் தகட்டைவிடத் தடிப்பாகவும், பல் வெட்டும் பிளவைவிட மெலிதாகவும் இருக்க வேண்டும்.

மின்சாரம் கொடுத்த பிறகு

பிளக் போடும் முன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பாருங்கள். பல்லி, எறும்புக்கூடு, குளவி கட்டிய மண் எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் பிளக்கின் எர்த் முனைக்கும் மேசைக்கும் இடையே அளவிடுங்கள். ஒரு ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். வராவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள்.

பிளேடு நட்டை முறுக்கி, பிளேடை மேசைக்குக் கீழே இறக்கி, பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போடுங்கள். ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் அது பெரும்பாலும் கப்பாசிட்டர், மலிவான பாகம். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் பிரேக்கர்) விழுந்தால் மோட்டாரில் ஈரம் ஏறியிருக்கலாம், சுருள் எரிந்தும் இருக்கலாம். விற்பவர் இடத்தில் அதைப் பிரித்தறிய முடியாது, சுருள் மாற்றும் செலவைக் கழித்தே விலை சொல்லுங்கள். கார்பன் பிரஷ் மோட்டாரில் சின்ன நீலப் பொறி சகஜம். ஆரஞ்சு நிறத்தில் வளையம்போல் சுற்றினால், கூடவே தீய்ந்த வாடை வந்தால், வேண்டாம்.

சீராக ஓடும்போது மேசையில் நாணயத்தை நிமிர்த்தி நிறுத்துங்கள். பெல்ட் ரம்பத்தில் அது நிற்க வேண்டும். விழுந்தால் பெல்ட் நெளிந்திருக்கலாம், நெடுநாள் நின்ற இயந்திரத்தில் அது வழக்கம். சின்ன ரம்பத்துக்கு இந்தச் சோதனை நியாயமில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவரின் சுவிட்சை அணைத்து, பிளேடு முழுதாக நின்றபின் மறுபடி போடுங்கள். ரம்பம் தானாகக் கிளம்பக்கூடாது. சாயந்திரம் இடி இடித்து பிரேக்கர் விழுவது இங்கே வாடிக்கை. போன மின்சாரம் திரும்பும் நேரத்தில் நம் கை பிளேடருகே இருக்கலாம். தானாகக் கிளம்பினால் காந்த சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், பெரிய செலவில்லை.

கடைசியாக, கொண்டுபோன மரத்தை வெட்டுங்கள், கார்டும் கத்தியும் இருந்தால் மட்டும். ரப்பர் பலகையை நீளவாக்கில் பிளந்து வெட்டு முகத்தைப் பாருங்கள். கெட்டி மரத்தில் மோட்டார் கொஞ்சம் இறங்கலாம், நின்றுவிடக்கூடாது. வெட்டு கருகினால் முதலில் பிளேடு மழுங்கலா என்று பாருங்கள். கூட வரும் பழைய பிளேடுக்கு நான் ஒரு வெள்ளிகூட மதிப்புப் போடுவதில்லை. புது பிளேடு விலையைக் கணக்கில் சேர்த்துவிடுவேன்.

விலை

கேட்கும் விலை, பேரிங், பெல்ட், பிளேடு, சுவிட்ச், வயரிங், லோரிக் கூலி எல்லாம் கூட்டுங்கள். அதே தரத்தில் புதிதின் விலையில் அறுபது சதவீதம் தாண்டினால் நான் வாங்குவதில்லை. புதிதுக்கு உத்தரவாதம் இருக்கிறது. பெல்ட் ரம்பம் நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுப்பேன். பிரஷ் மோட்டார் ரம்பத்துக்குப் பாதிக்கு மேல் கொடுக்க மாட்டேன். குறைகளைச் சொல்லி விலை கேட்கும்போது மரியாதையாகக் கேளுங்கள். “தவுக்கே, பேரிங் மாத்தணும், பெல்ட் மாத்தணும், இவ்வளவு ஆகும், அதைக் கழிச்சுக் கொடுங்க” என்றால் பலர் இறங்கி வருவார்கள். முப்பது வருடம் அந்த இயந்திரத்தில் சாப்பிட்டவரிடம் அதைக் குப்பை என்று சொல்லாதீர்கள்.

வரிசை எண் உள்ள தகட்டை யாராவது தேய்த்து அழித்திருந்தால் விலகிவிடுங்கள். திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவில் குற்றம். இரண்டு வரியில் கைப்பட எழுதிய ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

பிளேடைக் கழற்றி, தண்டை முழுக்க இறக்கிப் பூட்டுங்கள். பின்னால் தொங்கும் மோட்டாரைக் கழற்றித் தனியாக ஏற்றுங்கள், ஒரு குலுக்கலில் அதுதான் ட்ரனியனை உடைக்கும். ஃபென்ஸ் கம்பியைப் பிடித்தோ பக்க இறக்கையைப் பிடித்தோ தூக்க வேண்டாம். பெட்டி வகை ரம்பம் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், நான்கு பேரும் தாங்குபலகையும் வேண்டும்.

வந்த அன்றே மேசையைத் துடைத்து மெழுகு தேயுங்கள். கார் பாலிஷ் வேண்டாம், அதில் சிலிக்கோன் இருந்தால் மரத்தில் ஒட்டி வார்னிஷ் பிடிக்காது. சாதா மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் அழுத்தித் துடைத்தாலே போதும், பலகையும் வழுக்கிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும்.